சரின்னா குதி, தப்புன்னா உட்கார்

“பூமிதான் சூரியனைச் சுத்துது... சரின்னா குதி, தப்புன்னா உட்கார்!”

அந்த மாடி அறையில் இருந்த அத்தனை கால்களும் ஒன்றாக எழும்பி, ஒன்றாக விழுந்தன. தொம்! ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. சாக்பீஸ் டப்பா உருண்டு ஓடியது. டியூஷன் டீச்சருக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை ஒரு சந்தோஷம் ஏறியது.

ஒரே ஒரு ஜோடிக் கால் மட்டும் குதிக்கவில்லை. டீச்சரின் இடப்பக்கத்து வாசலில் நின்ற ஷூக் கால்கள்.

“அங்கிள் அவுட்!” என்று கத்தினாள் வகுப்பின் வாயாடி. “பூமி சுத்துறதே தெரியலை அவருக்கு!”

டீச்சர் திரும்பினாள். வெள்ளைக் கோட்டு. வெளிப்படியில் ஏறி வந்ததில் பாதி நனைந்த தலை. மூக்கு நுனியில், விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு மழைத்துளி... சண்டை போடத்தான் வந்திருக்கிறான். ஆனால் அந்தக் கண்கள், கோபத்தைப் பாதிப் படியிலேயே தவறவிட்டுவிட்டு வந்தவைபோல விழித்தன.

“அப்போலேர்ந்து கூப்பிடறேங்க. உங்களுக்குக் கேக்கவே இல்லை.”

“இந்த சத்தத்துல யாருக்குக் கேக்கும்?” என்றாள் அவசரமாக. “யார் நீங்க?”

“கீழே புதுசா வந்திருக்கேன். காது டெஸ்ட் பண்றவன்.”

டீச்சரின் கை தானாக இடது காதோரத்து முடியை இழுத்துவிட்டது.

அவன் பாட்டுக்குப் புலம்பினான். கண்ணாடி அறைக்குள் ஹெட்ஃபோனோடு ஆளை உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொல்கிறான். மேலே பிள்ளைகள் குதிக்கிற ஒவ்வொரு தொம்முக்கும் கீழே பட்டன் அழுத்தப்படுகிறது.

“நேத்து ஒரு பெரியவர். கொஞ்சமும் கேக்காது. டெஸ்ட்ல ஃபுல் மார்க்! இன்னிக்கு அவர் சம்சாரம் வந்து என் சட்டையைப் பிடிக்கறாங்க. ‘அப்போ இத்தனை வருஷம் நான் பேசினதை வேணும்னேதான் கேக்காம இருந்தாரா’ன்னு. ஒரு குடும்பம் உடையப் போகுதுங்க, உங்க பூமி சுத்துறதால!”

டீச்சர் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். உதடு கேட்டால்தானே? சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் மழைத்துளி தன் யோசனையை முடித்துக்கொண்டு தொப்பென்று விழுந்தது. தானும் ஏறக்குறைய அதே நேரத்தில் விழுந்ததாக அவன் பிற்பாடு சொன்னான்.

ஆனால் அன்று மாலை முழுக்க டீச்சருக்கு ஒரே நினைப்பு. உலகத்தில் எத்தனை தொழில் இருக்கிறது! பல் பிடுங்குகிறவன் வந்திருக்கக் கூடாதா? துணி தைக்கிறவன்? குடியேற வந்தவன் காதுக்காரனா இருக்கணுமா?

சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது அவளுடைய இடது காதையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. வீட்டுக்கு வெளியே யாரிடமும் அவள் சொன்னதில்லை. கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் அக்கா, “மாப்பிள்ளையை உன் வலது பக்கம் உட்கார வைக்கறேன், மிச்சத்தை நீ சிரிச்சே சமாளிச்சிடு” என்பாள். முன்பு வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் சிரித்துச் சமாளிக்க முடியவில்லை. “பிள்ளைங்க சொல்றதே கேக்காத டீச்சர் எப்படிப் பாடம் நடத்துவாங்க?” என்று நாலு பெற்றோர் கேட்டார்கள். நிர்வாகம் மிக மரியாதையாக வாசலைக் காட்டியது.

அதற்கப்புறம் பிறந்ததுதான் இந்த விளையாட்டு. வாயால் சொல்கிற பதிலுக்குத்தானே காது வேண்டும்? காலால் சொன்னால் கண் போதும்! சரி, தப்புக்குக் குதித்தல், உட்கார்தல். வினைச்சொல் இந்த மூலை, பெயர்ச்சொல் அந்த மூலை. வாய்ப்பாட்டுக்குச் சாக்பீஸ் கட்டங்களில் நொண்டி. பரீட்சைக்கு முன் மொத்தப் பாடத்தையும் ஓடியே திருப்பிப் பார்த்துவிடுவார்கள். ‘என்ன ஒரு புதுமை!’ என்று அம்மாக்கள் மெச்சினார்கள். டீச்சரும் மறுக்கவில்லை. புகழ்ச்சி மட்டும் இரண்டு காதிலும் நன்றாக விழுந்தது.

மறுநாளிலிருந்து காதுக்காரன் தினமும் ஒரு காரணத்தோடு மேலே வந்தான். சாக்பீஸ் இருக்கா... மழைத் தண்ணி ஒழுகுதா... வந்தவன் விளையாட்டிலும் சேர்ந்தான். ஏழாம் வாய்ப்பாட்டில் நொண்டியடித்து, ஐம்பத்தாறு எங்கே என்று தெரியாமல் ஒற்றைக் காலில் கொக்குமாதிரி நின்றான்.

“மிஸ், காது அங்கிள் எப்படி டாக்டர் ஆனாரு?” என்றாள் வாயாடி.

“நான் டாக்டரே இல்லைம்மா!”

“அதானே பார்த்தேன்!”

அவன் தோற்கிற அழகைப் பார்ப்பதற்காகவே டீச்சர் கணக்கில் கஷ்டமான கேள்விகளைத் தயாரித்தாள். அப்புறம் கண்ணாடி முன் நின்று, ‘உனக்கென்ன பைத்தியமா?’ என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஒருநாள் வகுப்பு முடிகிற நேரத்தில் வானம் பொத்துக்கொண்டது. பிள்ளைகள் போய்விட்டார்கள். அவன் குடையை விரித்தான். தெருமுனைவரை ஒரே குடை... இரண்டு பேர். அவன் அவளுடைய இடப்பக்கத்திலிருந்து சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்தான். காற்று அந்தப் பக்கமிருந்துதான் அடித்தது. அவன் சட்டைத்தோள் சொட்டச் சொட்ட நனைந்தது.

“ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

டீச்சரின் இதயம் நொண்டியடித்தது. “சொல்லுங்க...”

“உங்க இடது காதை ஒரு தடவை டெஸ்ட் பண்ணிடலாமா?”

குடைக்குள் இடி விழுந்தது.

“ஓ... இதுக்குத்தானா தினமும் ஏறி வந்தீங்க? கடைக்கு ஆள் வரலையோ?”

“ஐயோ, அப்படி இல்லைங்க...”

“எனக்கு ரெண்டு காதும் நல்லாக் கேக்குது! நீங்க பேசினதுதான் கேக்கற மாதிரி இல்லை!”

மழையில் இறங்கி நடந்தாள். முகத்தில் வழிந்ததில் எது மழை என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் முதல் குதித்தல் கிடையாது. அவன் மேலே வர ஒரு சாக்குகூட இருக்கக் கூடாதே! பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து வாயால் பதில் சொன்னார்கள். இடது மூலையில் யார் என்ன முணுமுணுத்தாலும் டீச்சர் “வெரி குட்” என்றாள். மூன்றும் நாலும் பதினொன்று என்றதற்குக்கூட ஒரு வெரி குட் விழுந்தது. வகுப்பு, காற்றுப் போன பந்துமாதிரி கிடந்தது.

அந்த வாரம் முடிவதற்குள் அவன் மறுபடி ஏறி வந்தான், வாசலைத் தாண்டிச் சுற்றி வந்து நின்றான்.

“ஏங்க குதிக்கறதில்லை?”

“கீழே உங்க ஆளுங்களுக்குத் தொந்தரவு.”

“உங்க வகுப்பு நேரத்துல நான் டெஸ்டே வைக்கறதில்லையே. அந்தப் பெரியவர் சம்சாரம் வந்த மறுநாளே எல்லாரையும் காலைக்கு மாத்திட்டேன். சாயங்காலமானா சும்மா உட்கார்ந்து உங்க தொம்... தொம்... கேட்டுக்கிட்டிருப்பேன்.” தொண்டையைச் செருமினான். “இப்ப கீழே ரொம்ப அமைதியா இருக்குங்க. நல்லாவே இல்லை.”

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டான்.

டீச்சர் அப்படியே நின்றாள். அவன் இப்போது நின்று பேசியதும் வலது பக்கம். முதல் நாளுக்குப் பிறகு என்றைக்குமே அவன் இடது பக்கம் நின்று பேசியதில்லை... குடைக்குள் சுற்றி வந்ததும் அதற்குத்தான். அப்படியானால் முதல் நாளே தெரிந்திருக்கிறது! தெரிந்தும் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஏழாம் வாய்ப்பாட்டில் ஒற்றைக் காலில் நின்றிருக்கிறான்.

மூச்சை இழுத்துக்கொண்டு வகுப்பைப் பார்த்தாள். சொல்லிவிட்டால் நாளைக்கு எத்தனை பேர் வருவார்களோ...

“எல்லாரும் எழுந்திருங்க. உங்க மிஸ்ஸுக்கு... இடது காது கேக்காது. சரின்னா குதி. தப்புன்னா உட்கார்.”

தொம்!

ஒருத்தர் பாக்கியில்லை.

“உங்களுக்கு... தெரியுமா?”

“தெரியுமே மிஸ்!” என்றாள் வாயாடி. “அரட்டை அடிக்கணும்னா அந்தப் பக்கம்தான் உட்காருவோம். எங்கம்மாகூட, ‘மிஸ்ஸோட வலது பக்கமா பார்த்து உட்காரு, அப்பதான் படிப்பே’ன்னு சொல்லித்தான் அனுப்புவாங்க.”

டீச்சர் சிரித்தாள். அழுதாள். இரண்டையும் ஒன்றாகச் செய்தபடியே படியிறங்கினாள்.

கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தாள். ஹெட்ஃபோன். பட்டன். வலது காதுக்குக் கை சளைக்காமல் அழுத்தியது. இடது காதுக்கு வெகு நேரம் சும்மா இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் எழுதி முடித்து நிமிர்ந்தான். மைக்கில் குரல் வந்தது, வலது காதில்.

“போனது முழுசா திரும்பாதுங்க. சின்னதா ஒரு மெஷின் வெச்சா நிறைய உதவும்.” பேனாவை மூடி வைத்தான். “அப்புறம்... இது டெஸ்ட்ல சேராது. வாழ்நாள் பூரா உங்க வலது பக்கமா நடந்து வரணும்னு எனக்கு ஆசை.”

டீச்சர் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் நீர் தளும்பியது.

அவன் முகம் வாடியது. “உட்கார்ந்தே இருக்கீங்க... புரியுது. தப்புன்னா உட்கார். விதி தெரியும்.” மைக்கை அணைக்கக் கையை நீட்டினான்.

டீச்சர் ஹெட்ஃபோனைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். எழுந்தாள். புடவையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

குதித்தாள்.

தொம்!

கண்ணாடி நடுங்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவனும் குதித்தான். மேலே, படி வளைவிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மொத்த வகுப்பும், யாரும் சொல்லாமலே, சேர்ந்து குதித்தது.