ஆறுதல் நாள்

ராத்திரி ஷிஃப்டுக்கு வந்ததும் சென்னியப்பன் முதல் வேலையாக ஆற்றுக்குக் காய்ச்சல் பார்ப்பான். கட்டுப்பாட்டறைச் சுவரில் இருந்த வெப்பக்கண் திரையில் பவானி ஆறு நீளமாகப் படுத்திருக்கும். குளிர்ந்த இடமெல்லாம் நீலம், சூடான இடமெல்லாம் சிவப்பு. மலைப்பக்கமிருந்து வரும் தண்ணீர் கருநீலமாக இருக்கும். நகரத்துக் கழிவுநீர் சுத்தமாகி வந்து விழுகிற குழாய்வாய் மட்டும் வெற்றிலை போட்ட வாய் மாதிரிச் சிவந்து கிடக்கும். ஊரில் அதற்குச் சுடுவாய் என்று பெயர். "நல்லாத்தான் இருக்கறா" என்று திரையைத் தட்டிவிட்டு டீ ஊற்றிக்கொள்வான்.

வெயிலைத் தணிக்கிறேன் பேர்வழி என்று வானத்தில் தூசித்திரை விரித்தார்கள் அல்லவா, அது கொஞ்சம் நன்றாகவே தணித்துத் தொலைத்துவிட்டது. ஈரோட்டுப் பக்கம் மார்கழியில் உறைபனி கொட்டுகிறது. கதகதப்பு அட்டை உள்ளவர்களுக்குச் சூடேற்றிய வீடு. இல்லாதவர்களுக்கு வேலிக்கு வெளியே வெறும் வானம். இரவுபகலாகக் கணினிகள் ஓடும் கணிக்கூடங்களைக் குளிர்விக்கும் தண்ணீரும் வீட்டுக் கழிவும் ஒன்றாகச் சுத்தமாகி வெதுவெதுவென்று ஆற்றில் விழுந்தன. அள்ளிக் குடிக்கலாம், அவ்வளவு சுத்தம். அந்தத் தண்ணீரிடம் இருந்த ஒரே குற்றம் சூடு.

அந்தச் சூடு தாங்காமல் அயிரையும் ஆரலும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டன. ஜிலேபிக் கெண்டைக்கோ கொண்டாட்டம். வருஷம் முழுக்கத் தின்றது, வருஷம் முழுக்க முட்டையிட்டது, குளிர் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டது. சுடுவாயின் வெதுவெதுப்பை விட்டுத் தள்ளிப் போனால் விறைத்துவிடும் என்ற நிலைக்கு வந்தது. மீன் கம்பெனி இதைப் பார்த்துக்கொண்டா சும்மா இருக்கும்? வலை எதற்கு, தூண்டில் எதற்கு, சூட்டை நிறுத்தினால் போதாதா! சுடுவாயை மூடி மேல்மதகைத் திறந்தால் மலைத்தண்ணீர் பாயும். இரண்டு பக்கமும் கம்பிவலைச் சுவர் எழும்பும். மீனெல்லாம் வயிற்றைக் காட்டி மிதக்கும். டீயை ஆற்றுவது போல ஆற்றை ஆற்றுவதால் அதற்கு 'ஆறுதல்' என்று பெயர் வைத்தார்கள்.

அந்தப் பெயர் ஊரையே பிடித்துக்கொண்டது. அறிவிப்புப் பலகையில் 'நாளை ஆறுதல்' என்று வந்தால் வீட்டுக்கு வீடு கூடையை எடுத்து வெளியே வைப்பார்கள். குழந்தைகள் குதிக்கும். எழவு வீட்டில்கூட அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை, மீன் ஞாபகம் வந்துவிடும். "தைரியமா இருங்க" என்பதோடு சரி. முன்பெல்லாம் ஆறுதலுக்கு முன்னால் சங்கு ஊதுவார்கள். மீன்கள் அதைக் கற்றுக்கொண்டு, ஊதியதுமே நழுவ ஆரம்பித்தன. சங்கையும் நிறுத்திவிட்டார்கள்.

அன்று மாலை சென்னியப்பன் வேலியோரம் போனான். அந்தப் பக்கம் அவன் தங்கை துளசிமணி நான்கு வயது மகள் குயிலியோடு நின்றிருந்தாள். ஆறுதல் என்ற வேலையே ஊரில் இல்லாத காலத்தில் நாகப்பட்டினத்துக்குக் கட்டிக்கொடுத்த பெண். கடல் ஊரையும் புருஷனையும் விழுங்கியபின் போன மாதம்தான் திரும்பி வந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் எல்லாரும் அப்படிக் கடலுக்குத் தப்பி அவளோடு வந்தவர்களே, அவர்கள் வந்தபின் ஆறுதல் இன்னும் நடக்கவில்லை. அவளுக்காக அட்டை கேட்டு அவன் ஏறாத படியில்லை. கிடைக்கவில்லை.

"புள்ளைக்கு இருமல் நின்னுச்சா அம்மிணி?"

"எங்கண்ணா நிக்குது. ராத்திரியெல்லாம் உதறுது. விடியக்காலம் சுடுவாய்த் தண்ணியில கழுத்தளவு உக்காந்தாத்தான் கண்ணு மூடுது."

வெளியாள்கள் வேலிக்கடியில் நுழைந்து ஆற்றில் உட்காருவது அவனுக்குத் தெரியும். வெப்பக்கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரும் உடம்பும் ஒரே சூடு, ஒரே சிவப்பு. அவனும் தெரியாத மாதிரி இருந்துவிடுவான். ஆனால் நாளைக்கு அப்படி இருக்க முடியாது. மீன் அறுவடை எப்போது என்று வெளியாளிடம் சொன்னால் அட்டை பறிபோகும். வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தலைக்கு மேலே காவல் டிரோன் வட்டம் போட்டது. அது திரும்பும் வரை பொறுத்திருந்து வேலியில் வாயை வைத்தான்.

"துளசி, நல்லாக் கேட்டுக்க. நாளைக்கு விடியக்காலம் ஆறுதல். அங்க இருக்கறவங்க எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போடு. நான் சொன்னேன்னு மட்டும் மூச்சு விடாதே."

அவள் முகம் மாறியது. கண் நிறைந்துவிட்டது. "மெய்யாலுமாண்ணா?"

"ஆமா."

"எங்க எல்லார்த்துக்குமா?"

"எல்லார்த்துக்குந்தான். மறந்துறாதே."

கம்பி வழியாக விரலை நீட்டி அவன் விரலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பயந்துபோய் அழுகிறாள் என்று சென்னியப்பன் நினைத்தான்.

விடிவதற்கு முன் ஆற்றின் மேல் ஆவி கெட்டியாக நின்றது. கண்ணாடி வழியே ஒன்றும் தெரியவில்லை. கம்பெனி மேலாளர் ஜெயப்பிரகாசம் ஒலிபெருக்கியில் கேட்டார்: "என்ன சென்னியப்பா, போட்டுரலாமா?"

"போட்டுரலாங்க சார்." அவன் மனம் நிம்மதியாக இருந்தது. பொத்தானை அழுத்தினான்.

சுடுவாய் மூடியது. வலைச்சுவர் எழுந்தது. மேலிருந்து கருநீலம் பாய்ந்து வந்தது. சிவப்பு மஞ்சளாகி, பச்சையாகி, நீலமாகியது. மீன்களும் கூடவே நீலமாயின. மீனுக்கென்று சொந்தச் சூடு கிடையாது. தண்ணீர் எப்படியோ அப்படித்தான் அதுவும். ஆனால் வலைச்சுவருக்கு நடுவே சில இடங்கள் மட்டும் நீலமாகாமல் நின்றன. பெரிய பெரிய சிவப்புகள். ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, கரைப்பக்கம் மோதிக்கொண்டு. நடுநடுவே சின்னச் சின்னதாகவும் சில.

"ஐயோ! சார், நிறுத்துங்க! உள்ள ஆளுங்க இருக்கறாங்க!"

"எந்த ஆளுங்க?"

"வேலிக்கு அந்தாண்ட இருக்கறவங்க சார்!"

"பாதியில நிறுத்துனா மீன் தெளிஞ்சுரும்ப்பா. அப்புறம் மாசக்கணக்கா இந்தப் பக்கமே வராது. மதகுக்குப் பூட்டு போட்டாச்சு. நீ திரையை அணைச்சுட்டுப் போய் டீ குடி."

அவன் ஓடினான். செங்குத்தான கான்கிரீட் கரை. விறைத்த கைகள் கம்பியைப் பிடிக்க முடியாமல் நழுவின. அலறல்கூட ஓங்கி வரவில்லை, முனகல்தான். வெள்ளை வயிறுகளுக்கு நடுவே துளசியைக் கண்டுபிடித்து, மீன் தள்ளும் கழியை நீட்டி, தாயையும் பிள்ளையையும் மேலே இழுத்துப் போட்டான். குயிலியின் உதடு கறுத்திருந்தது. மூச்சு இருந்தது. மற்றவர்களுக்குக் கழியை நீட்டினான். பிடிக்கத்தான் கை இல்லை.

ஆத்திரம் பொங்கியது அவனுக்கு. "படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடி! ஆறுதல்னு சொன்னேனே! அப்புறமும் எதுக்கு எறங்குனே?"

பற்கள் அடித்துக்கொள்ள அவள் அவனைப் பார்த்தாள். "அதுக்குத்தாண்ணா வந்தோம். எங்களுக்கும் ஆறுதல் தரப்போறாங்கன்னு நீதான சொன்னே. நடக்க முடியாதவங்களைக்கூடத் தூக்கிட்டு வந்தோம். புள்ளைக்கு நல்ல கவுன் போட்டு..."

சென்னியப்பனுக்கு அந்தச் சொல்லின் பழைய அர்த்தம் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"என்னை விடு. புள்ளையக் கொண்டு போ" என்றாள் அவள்.

பிள்ளையைச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு கட்டுப்பாட்டறைக்கு ஓடினான். உள்ளே சூடு இருந்தது, கம்பளி இருந்தது. கதவின் வெப்பக்கண் அவர்கள் மேல் மெல்ல ஊர்ந்தது.

"இரண்டு உடல். ஓர் அட்டை. அனுமதி இல்லை."

கதவை உதைத்தான். தோளால் இடித்தான். மேலாளரைக் கூப்பிட்டான், கெஞ்சினான், கெட்ட வார்த்தையில் திட்டினான். பிள்ளையின் உள்ளங்காலைத் தேய்த்துத் தேய்த்து அவன் கை எரிந்தது. "கண்ணு, தூங்கிறாதே சாமி, மாமனைப் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவள் அவன் மீசையைப் பார்த்தபடி இருந்தாள். வெப்பக்கண் மறுபடி ஊர்ந்தது. மறுபடி அனுமதி இல்லை. மறுபடி ஊர்ந்தது.

பிறகு கதவு தானாகவே திறந்துகொண்டது.

"ஓர் உடல். ஓர் அட்டை. வருக."