வளர்ந்த கை

அந்த வீட்டில் என்றைக்கு என்ன சாப்பாடு என்பதை ஏழு வயது நறுமுகைதான் முடிவு செய்வாள். செவ்வாய் கூட்டாஞ்சோறு என்றால் கூட்டாஞ்சோறுதான், அப்பீல் கிடையாது. கைமணப்பொறி வந்த பிறகு திருநெல்வேலியில் பாதி வீடுகளில் பிள்ளைகள் சமையல்தான். நெருப்பும் இல்லை, கத்தியும் இல்லை. சமைக்கத் தெரிந்த ஒருவரின் கையைப் பொறியில் பதிந்துவிட்டால் போதும். அந்தக் கை எவ்வளவு உப்பு அள்ளும், புளியை எப்படிக் கரைக்கும் என்று அது மனப்பாடமாக வைத்துக்கொள்ளும். பிறகு யார் சமைத்தாலும் குறைவதைச் சேர்த்து அதே ருசிக்குக் கொண்டுவந்துவிடும். கூடிப்போனதை எடுக்க மட்டும் அதற்குத் தெரியாது, பாவம்.

நறுமுகையின் அப்பா இளவழகன் வாங்கிவைத்திருந்த பொறியில் இருந்தது அவன் மனைவி கோமளவல்லியின் கை. நோய் முற்றிய நாட்களில் பதிந்துவைத்ததாக அவளே சொல்லிவிட்டுப் போனாள். போய் ஒரு வருடமாகிறது. அந்தச் சாப்பாடு இல்லையென்றால் அவன் என்றோ படுத்த படுக்கையாகியிருப்பான். முதல் கவளத்தை வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொள்வான். "அப்படியே ஒங்கம்மா கை" என்பான். எதிரே உட்கார்ந்து நறுமுகை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அன்று தேங்காய்ப்பால் சொதி. உப்புத் தூக்கலாக இருந்தது.

அவன் கண்ணைத் திறந்தான்.

"ஏட்டி, பொறியில எதையாவது நோண்டுனியா?"

"இல்லப்பா."

"பொய் சொல்லாத. இது அம்மா கை இல்ல."

அவன் இப்படி அதட்டி அவள் கேட்டதில்லை. ஒருமுறை கோமளவல்லியைச் சுடுகாட்டில் விட்டுவந்தாயிற்று, இன்னொரு தடவை தாங்காது. எச்சில் கையோடு எழுந்துபோய்ப் பொறியிடம் என்ன கோளாறு என்று கேட்டான்.

"கோளாறு இல்லை" என்றது பொறி. "பதிந்த கை வளர்ந்திருக்கிறது, உப்பைக் கூடுதலாக அள்ளுகிறது. புதிய அளவை ஏற்கலாமா?"

"செத்தவ கை எப்படி வளரும், கூறுகெட்ட சனியனே? பதிவக் காட்டு."

திரையில் ஓர் உள்ளங்கை விரிந்தது. அவன் கையில் பாதிகூட இல்லை. ஒரு வருடமாக இதைப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

திரும்பினான். நறுமுகை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

"அம்மாவுக்குக் கை நடுங்கிட்டே இருந்துச்சுல்லாப்பா. உப்பெல்லாம் கீழ சிந்திட்டு. பொறி பதிய மாட்டேன்னுட்டு. அம்மா நாற்காலியில இருந்து சொல்லச் சொல்ல நான்தான் போட்டேன். அப்பாட்ட சொல்லிராத, சொன்னா சாப்பிட மாட்டாவன்னு சொன்னா."

அவன் மறுபடி திரையைப் பார்த்தான். சரி, கோமளவல்லி வைத்த சொதி எப்படி இருக்கும்? கல்யாணத்துக்கு மறுநாள் சாப்பிட்டது, அவள் படுப்பதற்கு முந்தைய வாரம் சாப்பிட்டது, எதையாவது நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தான். நாக்கில் வந்ததெல்லாம் இந்த ஒரு வருடத்துச் சொதிதான். அவளைக் காப்பாற்றிவைத்திருப்பதாக நினைத்து, வாய் வாயாக அவளை மறந்திருக்கிறான்.

"நான் வச்சதுன்னா நல்லாருக்காதாப்பா?" என்றாள் நறுமுகை.

"நல்லாருக்குன்னு தெனமும் சொன்னேனேட்டி."

"அம்மாவத்தான சொன்னீங்க."



"புதிய அளவை ஏற்கலாமா?" என்று பொறி மறுபடி கேட்டது.

"ஏத்துக்க" என்று சொல்லிவிட்டு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தான். "இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து."

ஊற்றினாள். அந்த உப்போடு பிசைந்து சாப்பிட்டான். கண்ணை மூடவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "நீ வச்சது நல்லாருக்குட்டி" என்றான்.

அந்த முகம் மலர்ந்தது. ஒரு நிமிஷம் அப்படியே இருந்துவிட்டுச் சுருங்கியது.

"அப்ப அம்மா கை எங்கப்பா?"

அவன் அவள் கையைப் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். விரல்களில் உப்பு ஒட்டியிருந்தது. பொறி அதற்குள் புதிய அளவைப் பதிந்து முடித்திருந்தது.