ஏழு முத்திரைச் சீட்டு

மூன்றாவது கோயிலில் கழற்றிய காலணிகளைப் போட்டு வைக்க ஒரே ஒரு பைதான் கொடுத்தார்கள்.

வாசலில் இருந்த இளைஞன் சீட்டை வாங்கி, மூன்றாவது கட்டத்தில் சிவப்பு முத்திரையை அழுத்தி, வாயால் ஊதி உலர்த்தி, ஒரு பிளாஸ்டிக் பையோடு திருப்பித் தந்தான். அதற்குள் கொஹாரு காலணிகளைக் கழற்றி, கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் நின்றாள்.

"இன்னொரு பை குடுங்க," என்றாள் மினாகோ.

"கிழிஞ்சிருக்கா? மன்னிச்சுக்கோங்க."

அவன் முதல் பையை வாங்கிக்கொண்டு வேறொன்றைக் கொடுத்தான்.

மினாகோ வாய் திறப்பதற்குள் பின்னால் வரிசை நகர்ந்தது. இரண்டு ஜோடிக் காலணிகளையும் ஒரே பையில் திணித்துக்கொண்டாள். மரத்தரை காலுறையைத் தாண்டிக் குளிர்ந்தது. உள்ளே பழைய பாயின் வாசனை, அணைந்த ஊதுவத்தியின் வாசனை, வெளியே மிதிபட்டு நசுங்கிய கிங்கோ பழங்களின் அழுகல் நாற்றம், மூன்றும் கலந்து காற்றில் அசையாமல் நின்றன. கொஹாரு மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மினாகோவும் சிரித்தாள். பையைப் பற்றி மறந்துபோனாள்.

காலையில் கியோட்டோ நிலையத்தில் கோயில்களைச் சுற்றிப் பார்க்கும் ஒருநாள் சீட்டு வாங்கியபோதுதான் இதெல்லாம் தொடங்கியிருந்தது. ஏழு இடங்கள், ஏழு கட்டங்கள், இடத்துக்கு ஒரே முறை. பள்ளி சேராத பிள்ளைகளுக்குச் சீட்டு வேண்டாம். பெரியவர்கள் சீட்டு ஒரு கவுண்டரில், பள்ளிப் பிள்ளைகள் சீட்டு மண்டபத்தின் மறுகோடியில். அங்கே வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. பேருந்து வேறு வந்து நின்றது. போகும் இடத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று மினாகோ ஏறிவிட்டாள்.

முதல் இடம் கிழக்கு மலையடிவாரத்தில் ஒரு சாமி வளாகம். உள்வாசலில் நீல மேலங்கி போட்ட கிழவர் ஒருவர், மசிக்கல்லும் தூரிகையுமாக உட்கார்ந்திருந்தார். "பாப்பாவுக்குச் சீட்டு?" என்றார்.

"இன்னும் பள்ளிக்கூடம் சேரல. ஆறு வயசுதான்."

எதற்காக அப்படிச் சொன்னாள்? கிழவர் வேறெங்காவது போய் வாங்கிவரச் சொல்வாரோ என்று ஒரு சின்னச் சோம்பல். அவ்வளவுதான். கொஹாரு வயதுக்குச் சிறிய உடம்பு. சொன்னால் யாரும் நம்புவார்கள்.

"அம்மா, எனக்கு..."

மினாகோ அவள் கையை அழுத்தினாள்.

"ஆறா?" கிழவர் தூரிகையை மசியில் தோய்த்தார். "அப்ப இன்னும் சாமி பிள்ளைதான். ஏழு ஆனாத்தான் மனுசப் பிள்ளை. அதுவரைக்கும் நாம எண்ணுறதில்ல." சிரித்துக்கொண்டே சீட்டைத் திருப்பி, உடன் வரும் சிறுவர் என்ற வரிக்கு எதிரே, யாருமில்லை என்பதற்கு, ஒரு கோடு இழுத்தார். கோடு ஈரமாகப் பளபளத்தது.

எல்லாரும் சொல்கிற பழைய சொல்தான் அது. மினாகோவே நூறு முறை கேட்டிருக்கிறாள். ஆறாம் மாதக் கடைசியிலேயே பிறந்து, ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள், ஒரு உள்ளங்கை அளவுக்குக் கொஹாரு கிடந்தபோது யார் யாரோ அதைத்தான் சொன்னார்கள். ஏழு வரைக்கும் சாமியோடது. கேட்டா குடுத்துடணும். ஒவ்வொரு பிறந்தநாளையும் மினாகோ மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தாள். இரண்டு வாரம் முன்பு, சொந்த ஊர் தொயோஹாஷியில், ஏழு வயதுச் சடங்குக்குச் சிவப்புக் கிமோனோ உடுத்தி மகளைச் சாமி முன்னால் நிறுத்தினார்கள். கணவன் தெத்சுரோ அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். அன்றிரவு மினாகோ ஏழு வருடத்து மூச்சையும் விட்டாள். இந்தப் பயணமே அதற்காகத்தான்.

"நீ பொய் சொன்ன," என்றாள் கொஹாரு, வாசல் தாண்டியதும்.

"சும்மாடி. இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்."

"இன்னைக்கு மட்டும் ஆறா?"

"இன்னைக்கு மட்டும் ஆறு."

கொஹாரு கையை உதறிக்கொண்டு கல்படிகளில் ஏறினாள். வேண்டுமென்றே சத்தமாக எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. ஏழாவது படியில் இரண்டு காலாலும் குதித்து, திரும்பிப் பார்த்து, "ஏழு," என்றாள். சடங்கில் கொடுத்த நீளமான சிவப்பு மிட்டாய் அவள் வாயில் இருந்தது. அதைப் பிடித்திருந்த கை பிசுபிசுவென்று இருந்தது.

நான்காவது இடம் முடிந்து ஒரு தோஃபு கடையில் உட்கார்ந்தார்கள். கடைக்காரி பருத்த, கலகலப்பான பெண். ஒரு கோப்பைத் தேநீரை மினாகோ முன்னால் வைத்தாள்.

"தனியா சுத்துறதும் ஒரு சுகம்தாம்மா. வீட்டுக்காரரக் கட்டிப்போட்டுட்டு வந்தியா?"

"பொண்ணுக்கும் ஒரு கோப்பை வேணும்."

"பொண்ணுக்கு எடுத்துட்டுப் போறியா? ஊருக்குப் போறதுக்குள்ள ஆறிப்போயிடுமே. தேயிலையா வாங்கிட்டுப் போ, நாலு நாளைக்கு வரும்."

மினாகோ அவளைப் பார்த்தாள். கேலி இல்லை. அவள் கண்கள் கொஹாருவின் முகத்தின் மேல் நகர்ந்து, சுவரில் இருந்த நாட்காட்டிக்குப் போய், திரும்பி வந்தன. சட்டியில் சோயாப் பால் மெல்லப் பொங்கி அதன் மேல் ஆடை சுருங்கும் ஓசை, கதவின் மேல்திரையில் காற்று உரசும் ஓசை, பக்கத்து மேசையில் யாரோ நூடுல்ஸை உறிஞ்சும் ஓசை, இவை எல்லாம் தெளிவாகக் கேட்டன. கொஹாரு கால்களை ஆட்டி ஆட்டி மேசையை உதைத்துக்கொண்டிருந்தாள். மேசை ஆடியது. அந்த ஓசை மட்டும் கேட்கவில்லை.

உள்ளே வந்த ஒரு பெண் கொஹாருவின் நாற்காலியை இழுத்துத் தன் பையை வைத்தாள். கொஹாரு சறுக்கி இறங்கி நின்றாள்.

"அங்க என் பொண்ணு உக்காந்திருந்தா," என்றாள் மினாகோ.

"ஐயோ, ஆள் வராங்களா? கவனிக்கல." அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு, காலி நாற்காலியைத் துடைத்துவிட்டு நகர்ந்தாள்.

ஐந்தாவது இடம் சரளைக்கல் தோட்டம். நடந்தால் கல் நொறுங்கும் ஓசை எழும். மினாகோ பத்தடி நடந்து நின்றாள். ஓசையும் நின்றது. பின்னால் கொஹாரு வந்துகொண்டிருந்தாள். சிறிய வேகமான காலடிகள். கல் அசையவில்லை.

"கொஹாரு, குதி."

"எதுக்கு?"

"குதிடி."

அவள் குதித்தாள். ஒரு இலை விழுந்த அளவுக்குக்கூடச் சத்தமில்லை. "அம்மா, யாரும் என்னைப் பாக்கறதில்ல," என்றாள். அழவில்லை. கண்டுபிடித்ததைச் சொல்பவள்போலச் சொன்னாள்.

மினாகோ தூணோரம் போய்த் தெத்சுரோவைத் தொலைபேசியில் அழைத்தாள். விரல் இரண்டு முறை தவறான பெயரில் பட்டது.

"நல்லா பாத்தியா? குளிருதா?" என்றான். பின்னால் தொலைக்காட்சியில் பேஸ்பால்.

"கொஹாருகிட்ட பேசுங்க."

தொலைக்காட்சி நின்றது.

"மினாகோ," என்றான். "அந்தப் பேரை இனிமே சொல்றதில்லன்னு பேசியிருக்கோம்ல."

"நீங்கதானே தோள்ல தூக்கிட்டுப் போனீங்க. ரெண்டு வாரம் முன்னாடி. அவ உங்க தலைமுடியெல்லாம் மிட்டாய் ஒட்டவெச்சா. வெந்நீர் வெச்சுக் கழுவினேன்."

"கண்ணாடிப் பெட்டிய விட்டு அவ வெளிய வரவே இல்லம்மா. ஏழு வருஷம் ஆச்சு." அவன் குரல் அன்பாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. "நீ கிளம்பி வா. நான் ஸ்டேஷனுக்கு வரேன்."

கொஹாரு அவள் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "அப்பாவா? குடு." தொலைபேசியை வாங்கி, இரு கையாலும் காதில் வைத்து, "அப்பா, நான்தான்," என்றாள். "அப்பா. அப்பா, நான்தான்."

மினாகோ திரும்ப வாங்கியபோது இணைப்பு அறுந்திருக்கவில்லை. "என்ன காத்துச் சத்தம் அது?" என்று கேட்டான்.

ஆறாவது இடத்துக்கு ஓடினார்கள். அங்கே சிறுவர் சீட்டும் விற்றார்கள்.

"ஒரு குழந்தைக்கு. ஏழு வயசு. முதல் வகுப்பு."

"குழந்தையக் கூட்டிட்டு வாங்க. பாத்துட்டுத்தான் குடுக்கணும்."

"இதோ நிக்கிறா."

கவுண்டர் பெண் எழுந்து, எட்டி, கீழே பார்த்தாள். பிறகு மினாகோவின் முகத்தைப் பார்த்தாள். "கொஞ்சம் உக்காருங்கம்மா," என்றாள் தாழ்ந்த குரலில். "தண்ணி கொண்டு வரட்டுமா?"

பின்னால் மஞ்சள் தொப்பி போட்ட பள்ளிப் பிள்ளைகள் இரண்டிரண்டாக நின்றார்கள். ஆசிரியை ஒவ்வொரு தொப்பியாகத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். மினாகோ யோசிக்கவில்லை. கொஹாருவை இழுத்து வரிசைக்குள் நிறுத்தினாள்.

"பன்னெண்டு," என்றாள் ஆசிரியை. "பதிமூணு."

கை கொஹாருவிடம் வந்தது. அவள் தலையை உயர்த்தி நிமிர்ந்து நின்றாள், தொடட்டும் என்று. கை அவள் முடிக்கு மேலாகப் போனது.

"பதினாலு. யாருடா மிட்டாய் திங்கிறது? வாசனை வருது. சொல்லிடு, அடிக்க மாட்டேன்."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். கொஹாரு கையில் இருந்ததை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

சீட்டைத் திருப்பிப் பார்த்தாள் மினாகோ. பின்பக்கத்தில் அந்தக் கோடு. காலையில் இழுத்தது. மணி நாலு. மசி இன்னும் உலரவில்லை. கட்டை விரலால் தேய்த்தாள். விரல் கறுத்தது. கோடு அப்படியே இருந்தது.

அந்தக் கிழவரிடம் சொல்லிவிட வேண்டும். ஏழு என்று சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான்.

பேருந்து. கூட்டம். கொஹாருவை மடியில் வைத்துக்கொண்டாள். கனம் இருந்தது. வெதுவெதுப்பு இருந்தது. எதிர்ச் சன்னலில் மினாகோ தெரிந்தாள், வெறும் காற்றை அணைத்துக்கொண்டு.

நாலு இருபத்தைந்து. கல்படி. கிங்கோ நாற்றம். காக்கைகள். மலை நிழல் வளாகத்தின் மேல் பாதிவரை இறங்கியிருந்தது. கிழவர் மசிக்கல்லைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஐயா. காலையில வந்தேன். தப்பாச் சொல்லிட்டேன். இவளுக்கு ஏழு. ஏழு முடிஞ்சிடுச்சு. சடங்குகூட செஞ்சாச்சு."

கிழவர் நிமிரவில்லை. கை நீட்டிச் சீட்டை வாங்கினார். முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார்.

"இங்க முத்திரை விழுந்தாச்சேம்மா. ஒரு இடத்துக்கு ஒரு தடவைதான். நீங்க உள்ள போக முடியாது."

"நான் போகல. அந்தக் கோட்டை அடிச்சுட்டு ஒண்ணுன்னு எழுதுங்க. ஒண்ணு. அது போதும்."

"நானா சொன்னேன் ஆறுன்னு?" என்றார் கிழவர். கோபமில்லாமல். "பெத்தவ சொன்னா. நான் எழுதினேன்."

பிறகு அவர் நிமிர்ந்தார். மினாகோவைப் பார்க்கவில்லை. அவள் இடுப்புக்குப் பக்கத்தில், சரியாகக் கொஹாருவின் முகம் இருக்கும் உயரத்தில் பார்த்தார். காலையிலிருந்து யாரும் அவளை அப்படிப் பார்த்ததில்லை. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். இரண்டு முறை குனிந்து வணங்கினார். இரண்டு முறை கை தட்டினார்.

"வாங்க," என்றார் குழந்தையிடம். "நேரமாச்சு."

மினாகோ கையை இறுக்கினாள். பிசுபிசுத்த சிறிய கை. அதை இரு கையாலும் பற்றினாள். எலும்பு தெரிய இறுக்கினாள்.

"அம்மா, வலிக்குது," என்றாள் கொஹாரு.

பழக்கம். ஏழு வருடப் பழக்கம். வலிக்குது என்று அவள் சொன்னால் மினாகோவின் கை தானாகத் தளரும்.

தளர்ந்தது.

உள்வாசல் கதவு சாத்தும் ஓசை கேட்கவில்லை. ஆனால் கொஹாரு உள்ளே போயிருந்தாள், கதவு சாத்தியிருந்தது. மரச்சட்டங்கள். இடையில் விரல் நுழையும் அளவு இடைவெளி. மினாகோ கன்னத்தைச் சட்டத்தில் அழுத்திப் பார்த்தாள். கத்தினாள். உள்ளே கடைசியாக நின்றிருந்த நாலைந்து பேர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சங்கடத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

காணிக்கைப் பெட்டிக்கு அப்பால், யாரும் ஏறாத மேடையில், கொஹாரு நின்றாள். சிவப்பு மேல்சட்டை. ஒரு காலுறை நழுவியிருந்தது. ஒருவர் முன்னால் வந்து, காசு போட்டு, மணிக்கயிற்றை ஆட்டி, அவளை நோக்கிக் குனிந்தார். கை தட்டினார். ஒவ்வொரு தட்டலுக்கும் கொஹாருவின் தோள் அதிர்ந்தது. அடுத்தவர் வந்தார். குனிந்தார். தட்டினார். போனார்.

பிறகு யாரும் இல்லை. நிழல் மேடையின் விளிம்புக்கு ஏறியது.

கொஹாரு கைகளை முகத்துக்கு நேராக உயர்த்தினாள். விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள். எண்ணுகிறாள். உதடு அசைவது தெரிந்தது. ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு.

ஆறு.

வாய் திறந்தபடி நின்றது. அடுத்த விரலைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். அது என்னவென்று தெரியாதவள்போல.

விரல்களை மடக்கினாள். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.