பச்சைத் துணியில் ஒரு சிவப்புப் புள்ளி

"பிணம் இங்கேதான் கிடந்துச்சு. நீங்க அது மேலதான் நிக்கறீங்க, மேடம்!"

அவள் துள்ளி விலகினாள்.

கம்பளத்தில் சாக்பீஸ் மனிதன். தலை இருந்த இடத்தில் காய்ந்த கறை...

"பயப்படாதீங்க, எழுந்திரிக்க மாட்டார்." இன்ஸ்பெக்டர் ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார். "பழைய துப்பாக்கியா வாங்கிச் சேர்த்த பெரியவர். நேத்து சாயங்காலம் அதுல ஒண்ணோட பிடியாலயே மண்டையில ஒரே போடு!"

"அந்தத் துப்பாக்கி?"

"காணோம். இதோ, பெட்டி மட்டும்தான் நம்ம கையில."

மேஜை மேல் ஒரு மரப்பெட்டி. இருநூறு வருடத்துக் கைத்துப்பாக்கி படுத்துத் தூங்குகிற பெட்டி.

"மியூசியத்துல நீங்கதான் இதுக்கெல்லாம் எக்ஸ்பர்ட்டாமே? ஒரே கேள்வி. இந்தப் பெட்டி துப்பாக்கியோட கூடப் பிறந்ததா... இல்ல, பின்னாடி எவனாவது செஞ்சதா?"

"எங்கே கிடைச்சது சார்?"

"சொல்ல மாட்டேன். சொன்னா நீங்க பெட்டியைப் பார்க்க மாட்டீங்க. என் வாயைத்தான் பார்ப்பீங்க!"

கையுறை மாட்டிக்கொண்டாள். மூடியைத் திறந்தாள்.

உள்ளே பச்சைத் துணி. குழல் அழுந்திய பள்ளம். எண்ணெய்க் கறை, இருக்க வேண்டிய இடத்தில். ஸ்க்ரூக்கள் கையால் செய்தவை. புறஊதா விளக்கை அடித்தாள். புது நூலாக இருந்தால் பளீரென்று மின்னும்.

மின்னவில்லை.

எல்லாம் சரி... கொஞ்சம் அதிகமாகவே சரி! கேள்வித்தாளை முன்கூட்டியே பார்த்தவன் எழுதிய விடை போல.

மெல்லிய கத்தியால் நடுத்தடுப்பை நெம்பினாள். அடியில் மடிந்திருந்த துணியில்...

ஒரு சிவப்புப் புள்ளி.

அவள் விளக்கை அருகே கொண்டுபோனாள்.

நகப்பூச்சு. அவள் சிந்தியது. ஏழு வயதில், அப்பாவின் பழைய டிரம்பெட் பெட்டிக்குள் இருந்த இதே பச்சைத் துணியில்!

'எவன் செஞ்சது?' என்று அப்பா பெல்ட்டை உருவினார். 'நான்தாம்ப்பா' என்றான் அண்ணன்.

அடி அவனுக்கு. ஐஸ்க்ரீம் அவளுக்கு.

அண்ணன் இப்போது மரச்சாமான்களைப் பழுது பார்க்கிறவன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சாப்பாட்டு மேஜையில் அவள் போலிப் பெட்டிகளைக் கிழித்துத் தோரணம் கட்டுவாள். 'மடப்பசங்க! நிஜமாவே பழைய துணி போட்டா நானே ஏமாந்துடுவேன் அண்ணா!' அவன் சாப்பிடாமல் கேட்டுக்கொண்டிருப்பான்.

அப்படியென்றால்... இது அண்ணன் செய்தது. அசல் என்று பெரியவரிடம் விற்றிருக்கிறான். அவர் கண்டுபிடித்துவிட்டார். சண்டை...

அப்புறம்?

அவள் பார்வை கறையைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

காலையில் இரண்டு முறை அண்ணனின் போன். 'வளவளன்னு பேசுவான்' என்று எடுக்கவில்லை. பாவி... எடுத்திருக்கக் கூடாதா!

"என்னது அது, சிவப்பா?" இன்ஸ்பெக்டர் குனிந்தார். "ரத்தமா?"

"இ... இல்ல சார். அரக்கு. அந்தக் காலத்துல பெட்டி செஞ்சவங்க ஒளிச்சு வெக்கற முத்திரை."

"அப்போ?"

கறை பார்த்தது. சாக்பீஸ் மனிதன் பார்த்தான். இருபது வருடத்துக்கு முந்தைய ஐஸ்க்ரீம் நாக்கில் கசந்தது.

"ஒரிஜினல் சார். நூத்துக்கு நூறு."

"கோர்ட்டுல சொல்வீங்களா?"

"சொ... சொல்வேன்."

கையெழுத்துப் போட்டாள்.

இன்ஸ்பெக்டர் தொடையில் தட்டினார். போனை எடுத்தார். "யோவ், கொலைக் கேஸே எழுதிடு. ஆமா, அவன்தான்!"

"எ... எவன் சார்?"

"இனிமே சொல்லலாம். துப்பாக்கியும் பெட்டியும் சேர்ந்தேதான் திருடு போச்சு மேடம். இந்தப் பெட்டி ஒரு மரவேலைக்காரன் பட்டறையில சிக்குச்சு. காலையில அவனை அள்ளிட்டு வந்தோம். என்ன கதை விட்டான் தெரியுமா? 'கண்காட்சிக்குக் கொண்டுபோக டூப்ளிகேட் வேணும்னு பெரியவரே கேட்டார் சார். இது நான் செஞ்சது. ஒரிஜினல் கொலைகாரன் கிட்ட இருக்கும்'னு!"

"டூ... டூப்ளிகேட்டா இருந்திருந்தா?"

"இந்நேரம் டீ வாங்கிக் குடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்."

சாக்பீஸ் மனிதன் மெல்ல எழுந்து உட்கார்ந்தது போலிருந்தது அவளுக்கு.

"இதுல ஒரு கூத்து..." இன்ஸ்பெக்டர் பெட்டியைத் துணியில் சுற்றி முடிச்சுப் போட்டார். "உங்களைக் கூப்பிடச் சொன்னதே அவன்தான்! 'அந்த மேடம் யாருன்னே எனக்குத் தெரியாது சார், ஆனா பொய் சொல்ல மாட்டாங்கன்னு கேள்வி'ன்னான். எந்தக் குற்றவாளி, மேடம், சாட்சியையும் அவனே பார்த்துக் குடுக்கறான்? எங்களுக்கு அலைச்சல் மிச்சம்!"

வாய்விட்டுச் சிரித்தபடி பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

அவள் ஓடிப்போய் வழியை மறித்தாள்.

"சார்... அந்தப் பெட்டியை... இன்னொரு தடவை பார்க்க விடறீங்களா?"