வெட்டுக்கோட்டில் நின்ற எட்டாவது பிள்ளை

“மெஷினை நிறுத்துங்க.”

அந்த அச்சகத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே அவளிடம் சொல்லி வைத்த ஒரே விதி, அதைச் சொல்லக்கூடாது என்பதுதான். அவளைப் போல் ப்ரூஃப் பார்த்துப் பிழை திருத்துபவர்கள் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். சிவப்பு மை, அகராதி, ஜன்னலோர நாற்காலி... எதையும். ஓடுகிற மெஷினை நிறுத்தச் சொல்லக்கூடாது. அதற்கு முதலாளி ஒருவருக்குத்தான் உரிமை.

மெஷின்காரர் காதில் வாங்காதவர் போல நின்றார். அவள் இன்னொரு முறை சொன்னாள்.

“காலையிலயே ஏழரையைக் கூட்டாதே, காலேஜு.”

வீட்டிலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்கியவள் என்று தெரிந்த நாளிலிருந்து அவளை அவர் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

“ஏழரைதாண்ணே பிரச்சினையே. எட்டு இருக்கணும்.”

கையிலிருந்த தாளை நீட்டினாள். ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கான பாட்டுப் புத்தகம். எண்ணவும் பங்கு போடவும் சொல்லித்தருவது. படத்துக்குக் கீழே பாட்டு:

எட்டுப் பேரு வந்தோம்
எட்டுத் துண்டு வச்சோம்
கிட்ட நின்ன பேருக்கும்
எட்ட நின்ன பேருக்கும்
ஒரே அளவு தந்தோம்

மை காயாத தாளை எடுத்து, புத்தகமானால் எப்படி இருக்கும் என்று பார்க்க, வெட்டுக்கோட்டை ஒட்டிக் கத்தரியால் நறுக்கியிருந்தாள். வலது ஓரத்தில் நின்ற எட்டாவது பிள்ளை, நறுக்கிய துண்டோடு கீழே விழுந்துவிட்டது. தாளில் மிச்சமிருந்தது அதன் ஒரு முழங்கையும் அரைப் பாதமும்தான்.

மெஷின்காரர் பார்த்தார். பொத்தானை அழுத்தினார். சத்தம் நின்றதும்தான் வெளியே மழை பெய்வது கேட்டது.

“யார் நிறுத்தச் சொன்னது?”

பின்னாலிருந்து வந்தவனை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை. உயரம். சட்டையின் தோளில் மழை. மணிக்கட்டில் கழுவியும் போகாத நீலம்.

“நான்தான். நீங்க யாரு?”

“படம் போட்டவன். கலர் பாக்க வந்தேன்.”

“அப்ப எண்ணுங்க.”

“எனக்கு எண்ணத் தெரியும்.”

“தெரிஞ்சா போதாது... எண்ணணும்.”

அவன் சிரித்துக்கொண்டே விரலை வைத்து எண்ணினான். நாலில் சிரிப்பு குறைந்தது. ஏழில் விரல் நின்றது. ஈர மை விரல் நுனியில் ஒட்டிக்கொள்ள, நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அந்தக் கண்களைப் பற்றி ஏதாவது சொல்லியாக வேண்டுமென்றால் இதைச் சொல்லலாம்... தப்பைக் கண்டுபிடித்தவளை முறைக்கத் தெரியாத கண்கள். அவளுக்கு அது புதிது. பார்வையை முதலில் விலக்கியது அவள்தான். அதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

முதலாளி வந்தார். தாளை வாங்கிப் பார்த்தார்.

“அஞ்சு வயசுப் பிள்ளை இதையெல்லாம் எண்ணிப் பாக்குமாம்மா?”

“எண்ணச் சொல்லித்தானே சார் இந்தப் புத்தகத்தையே போடுறோம்.”

மெஷின்காரர் இருமினார். அது இருமல் இல்லை.

முழங்கை மட்டும் தனியாகத் தொங்குவதை முதலாளியாலும் மறுக்க முடியவில்லை. படத்தைத் திரும்ப வரையச் சொன்னார். ஓவியன் அவருடைய மனைவியின் தம்பி என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

நான்கு நாட்கள் அவன் அவளுடைய எதிர் மேஜையில் உட்கார்ந்து வரைந்தான். மழை விடவில்லை. அவள் எழுத்துகளைப் பார்த்தாள். எழுத்துகளை மட்டும் பார்ப்பதாக நினைத்துக்கொண்டாள். ஒரு நாள் அவன் பேச்சை ஆரம்பித்தான்.

“பாட்டுல மூணாவது வரி யாரோ மாத்தியிருக்காங்க. முன்னாடி தட்டுச்சு... இப்ப தானா ஓடுது.”

“நான்தான். நொண்டிச்சு, சரி பண்ணேன்.”

“சொல்லவே இல்ல?”

“யாரும் கேக்கல.”

இன்னொரு நாள் அவன் தாளைத் திருப்பிக் காட்டினான். ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்துவிட்ட எட்டாவது பிள்ளைக்கு இப்போது இரட்டைச் சடை, இடுப்பில் கை, முகத்தில் மூட்டம்.

“ஏன் இவ்வளவு கோவமா இருக்கா?” என்று கேட்டாள்.

“தன் பங்கு வராதோன்னு பயம்.”

“பயமில்ல அது. கேக்கப் போறா.”

அவன் தாளையும் பார்க்கவில்லை, ஜன்னலையும் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்... கொஞ்சம் அதிக நேரம். அன்று அவள் ஒரே பக்கத்தை மூன்று முறை படித்தாள். மூன்று முறையும் ஒரு தப்பும் கண்ணில் படவில்லை. அடுத்த நாள் பார்த்தால் ஐந்து இருந்தது.

ஐந்தாம் நாள் முதலாளி கூப்பிட்டனுப்பினார். மேஜையில் ஒரு பதில் கடிதம். புத்தகத்தை அச்சடிக்கக் கொடுத்தவர்கள் தாமதத்துக்குக் காரணம் கேட்டிருந்தார்கள். ‘ப்ரூஃப் பார்த்தவரின் கவனக்குறைவு’ என்று தட்டச்சு செய்து, கீழே அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

“எனக்கு வந்த ப்ரூஃப்ல வெறும் எழுத்துதான் சார் இருந்துச்சு. படம் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறும் கட்டம்.”

“தெரியும்மா. ஆனா படம் போட்டவன் பேரு அட்டையில இருக்கு. உன் பேரு எங்கயும் இல்ல. உனக்கு என்ன குறையப்போகுது?”

ஜன்னலோரம் அவன் நின்றிருந்தான். அவள் அவனைப் பார்த்தாள். அவன் மழையைப் பார்த்தான்.

அந்த வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. அடுத்தவர் வீட்டுப் பாத்திரம் தேய்த்துப் படிக்கவைத்த அம்மா தினமும் வாசலில் நின்று சொல்லியனுப்புவாள், “எங்கயும் வாயைக் குடுக்காதடி... காரியம்தான் முக்கியம்.” ஒரு கையெழுத்து. மூன்று வினாடி வேலை.

“போட மாட்டேன் சார்.”

மாடிப்படியில் அவன் பின்னாலேயே வந்தான்.

“சும்மா ஒரு கடுதாசிதானே... வேலையை விட்டெல்லாம் தூக்க மாட்டாரு. மாமாகிட்ட நான் பேசிட்டேன்.”

“எப்போ பேசினீங்க?”

“...நேத்து.”

“அப்ப இப்படி ஒரு கடுதாசி வரப்போகுதுன்னு நேத்தே உங்களுக்குத் தெரியும்.”

நேற்றுதான் அவன், தன் தேநீரில் பாதியை அவள் கோப்பையில் ஊற்றிவிட்டு, “சமமா இருக்கா, பாத்துச் சொல்லுங்க” என்று கேட்டிருந்தான்.

மறுநாள் காலை அவள் எல்லோருக்கும் முன்னால் வந்தாள். முதலாளி மேஜையில் ஓர் உறையை வைத்தாள். தன் மேஜையிலிருந்து அகராதியை எடுத்துப் பையில் போட்டாள், அது அவளுடையது. வெளியே வரும்போது அவன் கீழ்ப்படியில் நனைந்தபடி நின்றிருந்தான். தூங்காத கண்கள்.

“மாமா வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டேன். வெட்டுக்கோட்டைப் பாக்காம வரைஞ்சது நான்தான்னு. கடுதாசியில என் பேரைப் போடச் சொல்லிட்டேன்.”

“நல்லது.”

“அவ்வளவுதானா?”

“வேற என்ன சொல்லணும்?”

“நான் சொல்லணும்...” தொண்டையைச் செருமிக்கொண்டான். “உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. நீங்க மெஷினை நிறுத்தச் சொன்ன அன்னிலேருந்து. தப்பு என்னோடதுன்னும் அன்னிக்கே சொல்லியிருக்கணும்... இதையும் அன்னிக்கே சொல்லியிருக்கணும்.”

மழை சன்னமாகியிருந்தது. அவன் இமையில் ஒரு துளி நின்றது. துடைத்துவிட அவள் கை எழுந்திருக்கும். பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டதால் எழவில்லை.

“எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு.” ப்ரூஃப் வாசிக்கும் குரலில், ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னாள்.

அவன் முகம் மலர்வதைப் பார்த்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

“அப்போ...”

“அது நிஜம். நேத்து அந்த ரூம்ல நான் தனியா நின்னப்ப நீங்க மழையைப் பாத்துக்கிட்டு இருந்ததும் நிஜம்.”

“இனிமே அப்படி இருக்க மாட்டேன்.”

“இருக்க மாட்டீங்கன்னுதான் நானும் நினைக்கிறேன். ஆனா நாளைக்கு உங்க அக்கா முன்னாடி, மாமா முன்னாடி... ஏதோ ஒரு ரூம்ல நான் திரும்பவும் அப்படி நிக்க வேண்டி வரும். நீங்க வாயைத் திறக்கற வரைக்கும் உங்க முகத்தையே பாத்துக்கிட்டு நிக்க எனக்கு முடியாதுங்க.”

அவன் வழியை மறிக்கவில்லை. ஓர் ஓரமாக ஒதுங்கி நின்றான். அதற்காக அவனை இன்னும் கொஞ்சம் பிடித்தது.

அவன் உண்மையைச் சொல்லிவிட்டான் என்பது தெரியாமல் எழுதிய ராஜினாமாக் கடிதம் மேலே முதலாளி மேஜையில் கிடந்தது. தெரிந்த பிறகும் அதில் ஒரு சொல்லைக்கூட மாற்றத் தோன்றவில்லை. அவள் மழைக்குள் இறங்கி நடந்தாள்.