கூடையில் மிஞ்சிய ஜாக்கெட்டுகள்

1988, தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை. காலை எட்டரை மணி. ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில், டெய்லர் பொன்னுராஜ் தன் கடை வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். பூட்டு உடைந்து கிடந்தது. உள்ளே மெஷின் இருந்தது. கல்லாவில் காசு இருந்தது. தைக்க வந்த பட்டுத் துணிகூட அலுங்காமல் இருந்தது. பெண்கள் அளவுக்காகக் கொடுத்து வைத்திருந்த பழைய ஜாக்கெட்டுகளை மட்டும் காணோம்.

சிரிக்காதீர்கள். ஆண் டெய்லர் பெண்கள் மேல் டேப் வைத்து அளக்கிற ஊரா அது? நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுப்பார்கள். அதை வைத்துத்தான் புதியதை வெட்ட வேண்டும். தைத்து முடித்த பிறகும் பொன்னுராஜ் அதைத் திருப்பித் தர மாட்டான். "இங்கனயே கிடக்கட்டும்கா, அடுத்த தடவை வெறும் துணியோட வாங்க" என்பான். பலே ஆள்! ஜாக்கெட் இங்கே கிடந்தால் ஆளும் இங்கேதான் வந்தாக வேண்டும். இத்தனை வருஷமும் அவன் வாடிக்கையைக் கட்டிப் போட்டிருந்தது அப்படித்தான்.

தன் துணி என்ன ஆயிற்று என்று கேட்க வந்த பரிபூரணம் நின்றுவிட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் டைப்பிஸ்ட். வக்கீல்களின் குறுக்கு விசாரணையைத் தட்டித் தட்டி, யார் எதைச் சொன்னாலும் ஓட்டையைத் தேடுகிற புத்தி அவளுக்கு வந்திருந்தது. மதுரையில் ஆபரேஷன் முடிந்து, நீண்ட லீவுக்குப் பிறகு போன மாதம்தான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். வயிற்றில் கட்டி என்று ஊருக்குச் சொல்லியிருந்தாள்.

"போலீஸுக்குப் போனியா?"

"பழைய ஜாக்கெட்டைக் காணோம்னா சிரிச்சு விரட்டிருவாகக்கா. தீபாவளிக்குள்ள அம்புட்டையும் தைச்சுக் குடுக்கணும். குடுக்கலன்னா கடையே போச்சு." அவன் எதிர்க்கடையைக் காட்டினான். "அந்தச் சோலைராஜ் பயதான். வேற யாரு?"

சோலைராஜ் கடை போட்டுச் சில மாதங்கள்தான். சேலைக்கு ஃபால்ஸ் இலவசம், கையோடு ஒரு காலண்டர் என்று என்னென்னவோ செய்து பார்த்தான். ஈ காக்கைகூட வரவில்லை.

பரிபூரணம் உள்ளே போனாள். பொன்னுராஜின் மதினி சீனியம்மாள் மூலையில் உட்கார்ந்து ஹூக் தைத்துக்கொண்டிருந்தாள். அவன் அண்ணன் செத்த நாளிலிருந்து கடையின் கைவேலை முழுக்க அவளுடையது. திரைக்குப் பின்னால் பெண்களிடம் பேசித் துணி வாங்குவதும் அவள்தான்.

"கூடையில நாலஞ்சு கிடக்கே?"

"அவசரத்துல விட்டுட்டான்" என்றான் பொன்னுராஜ்.

மிஞ்சியவை மடிப்புக் கலையாமல் அடுக்கியிருந்தன. எது யாருடையது என்று பொன்னுராஜ் ஒவ்வொன்றாகச் சொன்னான். மேலே குருவம்மாளுடையது. அடுத்தது முத்தாத்தாளுடையது. அதன் கீழே பரிபூரணத்தின் நீல ஜாக்கெட். அதை எடுத்தவளின் கை ஒரு கணம் நின்றது. அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனாள்.

"நேத்து ராத்திரி எங்க இருந்த?"

"மம்சாபுரத்துல, மாமனார் வீட்ல" என்றான் சோலைராஜ்.

"அந்த ரெண்டாவது மெஷின் யாருக்கு?"

"ஆளு வரும்க்கா."

"திரை புதுசாக் கட்டியிருக்க. உள்ள நின்னு பொம்பளைககிட்ட நீயா பேசப் போற?"

அவன் காலண்டரைப் பார்த்தான்.

"அளவு ஜாக்கெட்டுல பேரு எழுதியிருக்குமாலே?"

"எங்க எழுதுவாக? பாத்துப் பழகுனவுகளுக்குத்தான் இன்னாருதுன்னு தெரியும். எனக்கு எல்லாம் கந்தல் துணிதான்."

அவள் திரும்பி வந்தபோது கடைவாசலில் பெண்கள் கூடிக் கத்திக்கொண்டிருந்தார்கள். குருவம்மாள் குரல்தான் ஓங்கியிருந்தது. பரிபூரணம் கூடையைத் தூக்கி நடுவில் வைத்தாள்.

"பொன்னுராஜ், இது அவசரத்துல விட்டதில்ல. பாத்துப் பொறுக்கி விட்டது. குருவம்மாளுக்குப் பிள்ளை பெத்து உடம்பு போட்டிருச்சு. முத்தாத்தா சக்கரை வந்து பாதியாயிட்டா. இதுல கிடக்குற ஒண்ணுகூட இப்ப அந்தந்த ஆளுக்குச் சேராது. சேருறது பூராம் போயிருச்சு. எது சேரும், எது சேராதுன்னு வெளியாளுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கே தெரியாதேக்கா! போன மாசம்கூட இத வச்சுத்தான வெட்டுனேன்."

"நீ வெட்டுன. பொறவு பிரிச்சு விட்டும், பிடிச்சுத் தைச்சும் சரி பண்ணுனது யாரு? எங்க தடிச்சிருக்கு, எங்க இளைச்சிருக்குன்னு உங்கிட்டயா சொல்லுவோம்? திரைக்குள்ள ஒருத்தி காதுலதான் சொன்னோம். இத விட்டுட்டுப் போனதும் இரக்கத்துல இல்ல. இத வச்சு நீ வெட்டணும், தீபாவளியன்னிக்கு நாங்க உன் மூஞ்சில எறியணும். என்ன சீனியம்மா?"

ஊசி நின்றது. சீனியம்மாள் மடியிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"ஆமா, வெளியாள் வேலைன்னு நினைக்கட்டும்னு பூட்ட உடைச்சு நாந்தான் எடுத்தேன். கண்ணு அவிய உழைச்சேன். கூலி கேட்டா, வீட்டு ஆளுக்கு என்ன மதினி கூலிங்காக. எதுக்க ஒரு மெஷின் தாரேன், போர்டுல உம் பேரும் போடுதேன்னு ஒருத்தன் சொல்லுதான். போகக் கூடாதா?" கடைக்குள்ளேயே யார் தேடப் போகிறார்கள் என்று தன் முக்காலிக்கு அடியில் வைத்திருந்த பையை இழுத்துக் கவிழ்த்தாள். அத்தனை ஜாக்கெட்டும் தரையில் விழுந்தது.

"வெளிய போ, களவாணி!" என்று பொன்னுராஜ் அலறினான். அவள் கத்திரிக்கோலை மட்டும் எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்கு நடந்தாள்.

அடுத்து நடந்ததை அவன் எதிர்பார்க்கவில்லை. குருவம்மாள் தன் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். பின்னாலேயே மற்றவர்கள் தரையில் கிடந்ததில் தங்களுடையதைத் தேடி எடுத்துக்கொண்டு போனார்கள்.

"களவாணிகிட்டயா போறீக?"

"களவாணியா இருந்தா என்ன, அவ தைச்சாத்தான உடம்புல சேருது" என்றாள் குருவம்மாள், திரும்பிப் பார்க்காமல்.

பொன்னுராஜ் பரிபூரணத்திடம் ஓடி வந்தான். கண் கலங்கியிருந்தது. "நீங்களாவது இருங்கக்கா. எங்க மாறியிருக்குன்னு சொல்லுங்க, நானே பாத்துத் தைக்கேன்." சாக்பீஸை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

பரிபூரணம் வாயைத் திறந்தாள். என்னவென்று சொல்வாள்? இடது மார்பை எடுத்துவிட்டார்கள் என்றா? உள்ளே பஞ்சு வைத்து, வெளியே தெரியாமல் லைனிங் கொடுத்துத் தைத்தவள் சீனியம்மாள் ஒருத்திதான். கூடப் பிறந்த தங்கைக்குக்கூட இது தெரியாது. இத்தனை பேர் முன்னால் தன் மானம் போனபோதும் சீனியம்மாள் அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது நல்ல மனதா, தன்னைக் கைக்குள் வைத்துக்கொள்ளும் பிடியா என்று நினைக்கவே பரிபூரணத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சொல்லுங்கக்கா."

"ஒண்ணுமில்லப்பா" என்றாள். மேஜையிலிருந்து தன் துணியை எடுத்தாள். அவன் முகத்தைப் பார்க்காமல், தான் பிடித்துக் கொடுத்த திருடியைத் தேடித் தெருவைக் கடந்தாள்.