தீவுத் தோட்டத்துப் பெரட்டு

நான்காவது மாடிக்குக் கடல்சேறு எப்படி ஏறி வரும்? அடுக்குமாடி இருக்கும் சிலிபினிலிருந்து கடலைப் பார்க்க ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்ட வேண்டும். ஆனால் அர்ச்சுனன் வீட்டில், பூட்டிய கிரில் கதவுக்கு உட்பக்கமாகச் சேறு கிடந்தது. காலையில் துடைத்தது சாயங்காலம் திரும்ப வந்திருந்தது, உப்பும் அழுகிய தேங்காய் மட்டையும் கலந்த அதே வாடையோடு, நண்டு வளைக்குள்ளிருந்து வருவது போன்ற சின்னக் கொப்பளிப்புச் சத்தத்தோடு.

கைப்பேசி அடித்தது. தினேஸ்வரி. தீவை விட்டுக் கிளப்பப்பட்ட தோட்டத்து ஆட்களுக்காக வழக்கை எடுத்து நடத்தும் பெண்.

“அண்ணே, நாளைக்கு விசாரணை. பிச்சைமுத்து அண்ணனும் முத்தம்மா அக்காவும் போட் ஏறலன்னு நீங்க சொன்னா போதும். கரைய அடைக்காம விட்ட கம்பெனி தப்பிக்க முடியாது.”

“எனக்கு ஒன்னும் தெரியாது லா. எல்லாரும் வந்தாச்சுன்னு லிஸ்ட்ல இருக்கு.”

“அத எழுதுனது நீங்கதானே?”

அவர் போனை வைத்துவிட்டார்.

ஆற்று முகத்துத் தீவில் முப்பது வருஷம் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். வருஷத்துக்கு வருஷம் கடல் ஏறியது. உப்புத் தண்ணீரில் தென்னைகள் பட்டுப்போயின. கடைசி நாள் படகுத்துறையில், விடிகாலைப் பெரட்டில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது போலவே ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஆடுகளை அவிழ்த்துவிடப் போன பிச்சைமுத்துவும் பெண்டாட்டி முத்தம்மாவும் திரும்பவில்லை. படகுக்காரன் அவசரப்படுத்தினான். தாமதமாக வருகிறவனுக்கு மண்டோரே குரல் கொடுத்துப் பேர் போடுவது தோட்டத்துப் பழக்கம். “இருக்காங்க” என்றார். பேர் போட்டார். பட்டியல் நிறைந்துவிட்டதால் யாரும் தேடிப் போகவில்லை. அன்று மாலையே கரை உடைந்தது. ஜெயிலுக்குப் பயந்து, ஒரு வருஷமாக வாயைத் திறக்கவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. தாழ்வாரத்தில் ஈரச் செருப்புச் சத்தம், ஒரு சோடி இல்லை, வரிசையாக, ஒவ்வொரு கதவின் முன்னும் நின்று நின்று. யாரோ பேர் கூப்பிட்டார்கள். தண்ணீருக்கடியிலிருந்து பேசுகிற குரல். ஆனாலும் தெரிந்தது. பிச்சைமுத்துவின் குரல்தான்.

“மாயாண்டி.”

“இருக்கேன்.”

மாயாண்டி தீவிலேயே செத்தவர். அவர் குழி இருந்த இடம் இப்போது கடல்.

செருப்புச் சத்தம் நெருங்கியது. நின்றது.

“அர்ச்சுனன்.”

அவர் மூச்சை அடக்கினார். பதில் சொல்லக் கூடாது. சொல்லவே கூடாது.

அடுப்படியிலிருந்து முத்தம்மா சொன்னாள்: “இருக்காரு.”

தினேஸ்வரியின் எண்ணை அமுக்கினார்.

“சொல்லுங்கண்ணே.”

“சொல்லிடறேம்மா. அன்னிக்கு அவங்க ரெண்டு பேரும்...”

வாய் நிறைய உப்பு. தண்ணீர் சட்டையில் வழிந்தது. பிறகு சேறு.

“அண்ணே? ஒன்னும் கேக்கல.”

வாய்க்குள் விரல்களை விட்டுத் தோண்டினார். இன்னும் சேறு. இன்னும் ஆழமாக விட்டார்.

தொண்டைக்குள்ளிருந்து, சில்லென்று, வேறு விரல்கள் அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டன.